மோட்டார் வண்டியின் மூச்சு

வீதியோரத்தில் ஒரு மோட்டார் வண்டி நிற்கின்றது. சாரதி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டார். சக்கரங்கள் சுழலவில்லை, ஆயினும் எஞ்சின் மட்டும் மெல்லிய முணுமுணுப்புடன் ஓடிக்கொண்டிருக்கின்றது. கராஜ்களில் இந்நிலையை ‘ஐட்லிங்’ என்பர். தமிழில் ஓய்வோட்டம் எனலாம். வைத்தியர் நாடியைப் பிடித்து உடல்நிலையை அறிவதுபோலக் கைதேர்ந்த மெக்கானிக் ஓய்வோட்டத்தின் ஒலியைக் கேட்டே எஞ்சினின் நலத்தை அறிந்துவிடுவார். அவ்வொலி சீராக இருப்பின் எஞ்சின் நலமாக உள்ளது. அது விட்டுவிட்டு ஒலித்தாலும், வண்டி குலுங்கினாலும், எஞ்சின் திடீரென நின்றாலும் எங்கோ ஒரு பிணி உண்டு.

1960களின் பின்னர் அமெரிக்காவில் விற்கப்பட்ட வண்டிகள் பலவற்றில் இந்த ஓய்வோட்டம் தடுமாறத் தொடங்கியது. எஞ்சினில் புதிதாகப் பூட்டப்பட்ட சில சிறு வால்வுகளே இதற்குக் காரணம் என்று வண்டிக்காரர் குறைகூறினர். அவ்வால்வுகள் ஏன் வந்தன, எஞ்சினுள் அவை செய்த மாற்றம் யாது, அத்தடுமாற்றம் எவ்வாறு தீர்ந்தது என்பனவற்றைக் கூறும் வரலாறு, ஒரு நகரத்து மக்களின் கண்ணீரிலே தொடங்குகின்றது.

அந்நகரம் கலிபோர்ணியாவிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ். 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26ஆம் நாள் அந்நகரின்மீது பழுப்பு நிறப் புகைமூட்டம் ஒன்று கவிந்தது. மூன்று தெருக் கட்டங்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மக்களின் கண்கள் எரிந்து நீர் சொரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலின், பகைவர் நச்சுவாயு வீசிவிட்டனரோ என்று அஞ்சியவரும் உளர். பின்னர் செயற்கை இறப்பருக்கான மூலப்பொருள் செய்த ஒரு தொழிற்சாலைமீது பழி விழுந்தது. அது சிறிது காலம் மூடப்பட்டது. தொழிற்சாலை மூடிக் கிடந்தபோதும் புகைமூட்டம் வந்துகொண்டேயிருந்தது.

அந்நகரின் இருப்பிடமும் இத்தொல்லைக்கு ஒரு காரணமாகும். ஒருபுறம் பசிபிக் சமுத்திரம். மற்றைப் புறங்களில் மலைகள். கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்றுப் படலம் ஒன்று, பானையை மூடிய மூடிபோலப் பல நாட்கள் தங்கிவிடும். கீழே உண்டாகும் புகை மேலெழுந்து கலைந்துபோக வழியில்லை. அப்பானைக்குள் என்ன வேகின்றது என்பதே விளங்காத புதிராக இருந்தது.

அப்புதிரை விடுவித்தவர் ஆரி ஹாகன்-சிமித் என்னும் இரசாயன அறிஞர். ஒல்லாந்தில் 1900ஆம் ஆண்டு பிறந்த இவர், கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழகத்திலே பேராசிரியராக இருந்தார். இவர் ஆராய்ந்துவந்த பொருள் புகையன்று. அன்னாசிப் பழத்தின் மணம். பழத்தின் ஆவியைக் குளிரவைத்து, மணந்தரும் பொருள்களைத் துளிகளாகச் சேர்க்கும் கருவிகள் அவரிடம் இருந்தன. அதே முறையில் நகரத்துக் காற்றையும் குளிரவைத்துப் பார்த்தார். கிடைத்தன சில துளிக் கரிய நீர்மம். 1950களின் தொடக்கத்தில் அவர் கண்ட முடிபு இதுவாகும்: எரியாது தப்பிய பெற்றோலின் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் ஒன்றோடொன்று தாக்கமுற்று ஓசோனையும் கண்ணெரிக்கும் வேறு பொருள்களையும் தோற்றுவிக்கின்றன, அவ்விரண்டும் பெரும்பாலும் வருவது மோட்டார் வண்டிகளிலிருந்து.

எண்ணெய்க் கம்பனிகளின் பொருளுதவியுடன் ஆராய்ந்தோர் இம்முடிபை மறுத்தனர். ஹாகன்-சிமித் மேலும் சோதனைகள் செய்து தம் கூற்றை நிலைநாட்டினார். 1953ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாக உறுப்பினரான கெனத் ஹான், வண்டி செய்யும் கம்பனிகளுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த மறுமொழி ஒன்று, எஞ்சின் புகை காற்றில் விரைவிற் கலைந்துவிடுவதால் அதனாற் கேடில்லை என்னும் கருத்தினதாக இருந்தது. ஹான் விடவில்லை; ஆண்டுக்கணக்காக எழுதிக்கொண்டேயிருந்தார்.

பழி மோட்டார் வண்டியைச் சேர்ந்ததும் அடுத்த வினா பிறந்தது. வண்டியின் எப்பகுதியிலிருந்து இவ்வாயுக்கள் வெளிப்படுகின்றன? புகைக்குழாயிலிருந்து என்று எவரும் உடனே கூறுவர். ஆயினும் 1950களின் இறுதியில் பொறியியலாளர் அளந்து பார்த்தபோது, ஐதரோகாபன்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு எவரும் எண்ணிப் பாராத இன்னோரிடத்திலிருந்து வருவது தெரியவந்தது. அவ்விடம், கிராங்க் தண்டு சுழலும் அடிப்பெட்டியாகும்.

சிலிண்டரினுள் கலவை எரியும்பொழுது பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாயிருப்பினும் சிறிது வாயு அவற்றைக் கடந்து கீழே கசிகின்றது. அதிலே எரியாத பெற்றோல் ஆவி உண்டு. நீராவியும் அமிலப் பொருள்களும் உண்டு. அவை அங்கேயே தங்கினால் எஞ்சின் எண்ணெய் சேறாகிவிடும். ஆகவே பழைய வண்டிகளில், அடிப்பெட்டியிலிருந்து தரையை நோக்கி ஒரு திறந்த குழாய் வைத்திருந்தனர். வண்டி ஓடும்போது குழாயின் வாயருகே வீசும் காற்று உள்ளிருக்கும் வாயுவை இழுத்து வெளியே விட்டுவிடும். வண்டியின் உட்புறம் தூய்மையாயிற்று. அழுக்கு ஊருக்குப் போயிற்று. வீட்டைக் கூட்டிய குப்பையைத் தெருவிலே கொட்டிவிடுவதற்கு ஒப்பான செயல் இது.

இதற்குக் கண்ட பரிகாரம் மிக எளியது. தரையை நோக்கிய குழாயை அடைத்துவிட்டு, அடிப்பெட்டியின் வாயுவைக் காபுரேற்றருக்குக் கீழுள்ள உட்கொள் குழாயினுள் செலுத்தினர். எஞ்சின் தன் கழிவைத் தானே மீண்டும் உள்ளிழுத்து எரித்துவிட வேண்டும் என்பதே கருத்து. இடையில் பெருவிரலளவான ஒரு வால்வு. இதுவே அடிப்பெட்டிக் காற்றோட்ட வால்வு. கராஜ்களில் இதனைப் பீ.ஸீ.வீ. வால்வு என்பர். கலிபோர்ணியாவில் 1961ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலும், அமெரிக்கா முழுவதும் 1963ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலும் இவ்வால்வு இடம்பெற்றது.

வெறுங்குழாய் போதாதோ, வால்வு எதற்கு என்று கேட்கலாம். ஓய்வோட்டத்தின் இயல்பை அறிந்தால் விடை விளங்கும். சாரதி காலை எடுத்ததும் காபுரேற்றரிலுள்ள திறொட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கின்றது. பிஸ்டன்கள் காற்றை இழுக்க முயல்கின்றன; வழியோ அடைபட்டிருக்கின்றது. ஆதலால் தகட்டுக்குக் கீழே உட்கொள் குழாயில் வலிய வெற்றிட இழுவை ஏற்படுகின்றது. இந்நேரத்தில் எஞ்சினுக்கு வேண்டிய காற்று மிகச் சிறிதளவே. அதற்கேற்ற பெற்றோலும் நுண்ணிய துளையொன்றின் வழியாகவே வருகின்றது. இவ்வேளையில் அடிப்பெட்டிக் குழாய் அகலத் திறந்திருந்தால், அளவுக்கு மிஞ்சிய காற்று புகுந்து கலவையைக் குலைத்துவிடும். வால்வினுள் ஒரு சிறு முளையும் சுருள்வில்லும் உள்ளன. இழுவை வலிதாகும்போது முளை இழுபட்டு வழியைச் சுருக்கிவிடும். வண்டி பாரத்துடன் விரைந்தோடும்போது இழுவை தளரும். வில் முளையைத் தள்ளி வழியை விரிக்கும். அடிப்பெட்டியில் வாயு மிகுதியாகக் கசிவதும் அவ்வேளையிலேதான். தேவை மிகும்போது திறந்து, குறையும்போது ஒடுங்கும் இவ்வமைப்பு மனிதக் கை படாமலே நடைபெறுகின்றது.

சுருங்கிய வழியாயினும் அதனூடாக வரும் காற்று ஓய்வோட்டக் காற்றில் ஒரு குறிப்பிடத்தக்க பங்காகும். எனவே காபுரேற்றரைச் செய்தோர் இக்காற்றையும் கணக்கிற் சேர்த்தே பெற்றோலின் அளவை வகுத்தனர். வால்வு கலவைக் கணக்கின் ஓர் உறுப்பாகிவிட்டது. இவ்வுண்மையை உணராதவர்களே பின்னாளில் இடர்ப்பட்டனர்.

வால்வில் கரியும் பிசினும் படிந்து முளை திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஓய்வோட்டத்தில் வேண்டாத காற்று புகும். கலவை மெலிந்துவிடும், சில சிலிண்டர்களில் தீப்பொறி பாய்ந்தும் கலவை பற்றாது, வண்டி குலுங்கி நிற்கும். மாறாக, வால்வு முற்றாக அடைபட்டால், எதிர்பார்த்த காற்று வராமையாற் கலவை செறிந்துவிடும், எஞ்சினின் வேகம் தாழும், பெற்றோல் வீணாகும். வெளியேற வழியற்ற வாயு அடிப்பெட்டியில் அழுத்தத்தை உண்டாக்கி எண்ணெயை மூட்டுகளின் வழியே கசியச் செய்யும். எஞ்சியிருக்கும் எண்ணெயும் சேறாகும். ஒரே வால்வு, இருவகைப் பிணி.

வால்வைக் கழற்றிக் கழுவுவதற்கோ புதியதொன்று மாற்றுவதற்கோ ஆகும் செலவு சிறிது. ஆனால் ஓய்வோட்டம் தடுமாறியதும் மெக்கானிக்குகள் சிலர் காபுரேற்றரின் திருகாணியைத் திருப்பிக் கலவையைச் செறிவாக்கினர். குலுக்கம் மறைந்தது, புகை மிகுந்தது. வேறு சிலர் குழாயைக் கழற்றி முனையைக் கட்டையால் அடைத்தனர். அன்றைய தினம் வண்டி அமைதியாக ஓடியது. அந்த அமைதிக்கு விலையாகச் சில மாதங்களில் எண்ணெய் கெட்டது. ஊர்க்காற்று அன்றே கெட்டது.

புகைக்குழாயின் முறை அடுத்து வந்தது. கலிபோர்ணியாவில் 1966ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கு, வெளிவரும் புகையில் காபனோரொட்சைட்டு 1.5 வீதத்துக்கும், ஐதரோகாபன் பத்து இலட்சத்தில் 275 பங்குக்கும் மேற்படலாகாது என்று விதித்தனர். 1968ஆம் ஆண்டு மாதிரி முதல் நாடு முழுவதற்கும் புகைவிதி வந்தது. இவ்விதிகளால் ஓய்வோட்டமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. எவ்வாறெனின், திறொட்டில் மூடியிருக்கும்போது முந்திய எரிவின் கழிவுவாயு சிலிண்டரில் அதிக விகிதத்தில் எஞ்சிவிடும். அத்தகைய கலப்பில் நெருப்புப் பற்றவேண்டுமாயின் பெற்றோலைச் சற்று மிகுதியாகவே கொடுக்கவேண்டும். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஓய்வோட்டத்திலோ 12 அல்லது 13 பங்கே கிடைத்துவந்தது. குறைந்த காற்றில் எரிந்த பெற்றோல் காபனோரொட்சைட்டாகியது. அக்காலத்து எஞ்சினின் இனிய முணுமுணுப்புக்கு இந்தச் செறிந்த கலவையே மறைபொருளாயிருந்தது.

விதி வந்ததும் கலவையை மெலிவாக்கினர். தீப்பொறி பாயும் நேரத்தைப் பிந்தச் செய்தனர். மெலிந்த கலவையுடன் எஞ்சின் நின்றுவிடாதிருக்க ஓய்வோட்ட வேகத்தை உயர்த்தினர். இதிலிருந்து ஒரு விந்தையான தொல்லை பிறந்தது. சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்திய பின்பும், சூடேறிய சிலிண்டரின் வெப்பத்தாலேயே கலவை பற்றிக்கொள்ள, எஞ்சின் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. இதைத் தடுக்கச் சாவியைத் திருப்பியவுடன் திறொட்டிலை முற்றாக மூடவைக்கும் மின்காந்தக் கருவி ஒன்றைச் சேர்த்தனர். மெக்கானிக்குகள் மனம்போன போக்கில் திருப்பாதிருக்க, கலவைத் திருகாணிக்குத் தொப்பியிட்டு அதன் சுழற்சிக்கு எல்லை வகுத்தனர்.

இவ்வளவு முயன்றும் புதியதோர் இடர் தலைகாட்டியது. கலவை மெலிந்து எரிவின் வெப்பம் உயர்ந்தபோது, காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகின. ஹாகன்-சிமித் சுட்டிய இரு குற்றவாளிகளில் ஒருவனைப் பிடிக்கப்போய் மற்றவனுக்குக் கதவு திறந்துவிட்டதாக முடிந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, அதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது.

இதற்கிடையில் கம்பனிகளின் நேர்மையும் கேள்விக்குள்ளாகியது. 1969ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம், பெரிய வண்டிக் கம்பனிகள் நான்கின்மீதும் அவற்றின் சங்கத்தின்மீதும் வழக்குத் தொடுத்தது. புகை தடுக்கும் கருவிகளை விரைந்து பூட்டாதிருக்கும்படி அவர்கள் தமக்குள் உடன்பட்டிருந்தனர் என்பதே முறைப்பாடு. 1962ஆம் ஆண்டிலேயே நாடெங்கும் பூட்டியிருக்கக்கூடிய அடிப்பெட்டி வால்வை 1963ஆம் ஆண்டு வரை தாமதித்தனர் என்பதும் அதில் ஓர் அம்சம். கம்பனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, அவ்வாண்டு முடியுமுன் உடன்பாட்டின்மூலம் வழக்கு தீர்ந்தது.

1970ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். சில ஆண்டுகளுக்குள் வண்டிப் புகையின் முக்கிய நச்சுகளை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்க வேண்டும் என்றது சட்டம். நைதரசன் ஒட்சைட்டை அடக்கும் பொருட்டு இன்னொரு வால்வு எஞ்சினுக்கு வந்தது. புகை மீள்சுற்று வால்வு, அதாவது ஈ.ஜீ.ஆர். வால்வு, 1973ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிற் பரவலாயிற்று. எரிந்து முடிந்த புகையில் ஒரு சிறு பங்கை இவ்வால்வு மீண்டும் உட்கொள் குழாய்க்கு அனுப்புகின்றது. அப்புகை மேலும் எரியாது. ஆயினும் இடத்தை நிரப்பி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் எரிவின் உச்ச வெப்பம் தாழ்கின்றது. வெப்பம் தாழ்ந்தால் நைதரசன் ஒட்சைட்டும் குறைகின்றது.

ஓய்வோட்டத்தில் இவ்வால்வு திறத்தலாகாது. ஏற்கனவே கழிவுவாயு நிறைந்த சிலிண்டருக்குள் மேலும் கழிவைப் புகுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். ஆதலால் வால்வைத் திறக்கும் இழுவைக்கான துளையை, மூடிய திறொட்டில் தகட்டுக்குச் சற்று மேலே அமைத்தனர். தகடு மூடியிருக்கும்வரை அத்துளைக்கு இழுவை இல்லை, வால்வும் மூடியிருக்கும். தகடு திறந்ததும் துளை இழுவைக்கு உட்பட, வால்வு திறக்கும். நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் வால்வின் இருக்கையில் ஒரு துண்டுக் கரி சிக்கினாற் போதும். வால்வு மூடாது, ஓய்வோட்டம் குலையும். 1970களின் வண்டிகள் பெற்ற கெட்ட பெயரிற் பெரும்பங்கு இத்தகைய சிறு காரணங்களால் வந்ததே. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளவே, பெற்றோலை விழுங்கும் கருவிகள் என்று வால்வுகளை வைதவர் பலர்.

உண்மையில், வால்வுகளுக்கு மேலாக ஒரு குறை இருந்தது. காபுரேற்றர் கண்ணில்லாத கருவி. அது பெற்றோலை முன்கூட்டி வகுத்த அளவின்படி கொடுக்குமேயன்றி, கொடுத்தது சரியாக எரிந்ததா என்று அறியமாட்டாது. மெலிந்தும் செறிந்தும் தடுமாறும் கலவையை அடக்க ஒன்றன்மேல் ஒன்றாக வால்வுகளைச் சேர்ப்பது, கண்பார்வை குன்றியவருக்கு மேலும் மேலும் ஊன்றுகோல்களைக் கொடுப்பது போலாயிற்று. 1975ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில், புகைக்குழாயிலேயே நச்சை மாற்றியமைக்கும் ஊக்கிப்பெட்டி பரவலாக வந்தது. பிளாற்றினம் போன்ற அரிய உலோகங்கள் பூசிய அப்பெட்டியை ஈயம் கெடுத்துவிடும். ஆதலின் ஈயமற்ற பெற்றோலும் உடன்வந்தது. புகையைச் சுத்திசெய்யும் வேலையிற் பெரும்பகுதியைப் பெட்டி ஏற்றுக்கொள்ளவே, எஞ்சினின் கலவையைச் சற்றுச் சீராக வகுக்க இடமுண்டாயிற்று. அதே காலத்தில் யப்பானிய ஹொண்டா கம்பனி, ஊக்கிப்பெட்டி இல்லாமலே விதிக்கு அமைந்த ஓர் எஞ்சினைச் செய்து காட்டியது. செறிந்த சிறுகலவையை முதலிற் பற்றவைத்து, அதன் சுடரால் மெலிந்த பெருங்கலவையை எரிப்பதே அதன் முறை.

கண்ணில்லாத கருவிக்குக் கண் கிடைத்தது 1976ஆம் ஆண்டில். சுவீடன் நாட்டு வொல்வோ கம்பனி, கலிபோர்ணியாவில் விற்ற வண்டிகளின் புகைக்குழாயில் ஒட்சிசன் உணரி ஒன்றைப் பொருத்தியது. புகையில் ஒட்சிசன் மிகுந்தால் கலவை மெலிந்தது, குறைந்தால் செறிந்தது. அவ்வுணரியின் குறிப்பைக் கொண்டு பெற்றோலின் அளவைக் கணந்தோறும் திருத்த முடிந்தது. கலவை 14.7 என்னும் எல்லையை ஒட்டியே நின்றமையால், மூன்று நச்சுகளையும் ஒரே ஊக்கிப்பெட்டி அடக்கியது. 1981ஆம் ஆண்டின் கடுமையான விதிகளின் பின்னர் மின்னணுக் கட்டுப்பாடு பொதுவழக்காயிற்று. ஓய்வோட்டத்தின் முணுமுணுப்பு மீண்டும் சீரடைந்தது. வால்வுகள் மறையவில்லை, அவை அங்கேயே உள்ளன. அவற்றின் வழியாக வரும் காற்றையும் கணக்கிட்டுத் திருத்தும் அறிவு எஞ்சினுக்கு வந்துவிட்டது.

அவ்வறிவையும் தவறான வழியில் திருப்ப இயலும் என்பதை வரலாறு காட்டுகின்றது. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் காடிலாக் வண்டிகள் சிலவற்றில், குளிரூட்டி ஓடும்போது எஞ்சின் நின்றுவிடும் குறை தோன்றியது. கம்பனி மின்னணுச் சில்லு ஒன்றினால், குளிரூட்டி ஓடும்போதெல்லாம் கலவையைச் செறிவாக்கியது. புகைச் சோதனையோ குளிரூட்டியை நிறுத்தி நடத்தப்பட்டது. வீதியில் வெளியான காபனோரொட்சைட்டு எல்லையின் மூன்று மடங்கு வரை சென்றதென அரசு கூறியது. 1995ஆம் ஆண்டு ஏறத்தாழ 470,000 வண்டிகளைத் திருத்துவதற்கும், 11 மில்லியன் டொலர் தண்டப்பணம் உட்பட ஏறக்குறைய 45 மில்லியன் டொலர் செலவிடுவதற்கும் கம்பனி உடன்பட்டது. திருகாணியைத் திருப்பிக் குலுக்கத்தை மறைத்த பழைய மெக்கானிக்கின் செயலே, இங்கு மின்னணு வடிவில் மீண்டது. 2015ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கம்பனியின் டீசல் வண்டிகளில், சோதனையின்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே வழியில் வந்த பெருங்கதையாகும்.

கடல்கடந்த அந்நகரில் தொடங்கிய விதிகள் பிற நாடுகளின் வீதிகளுக்கும் வந்து சேர்ந்தன. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. 2008ஆம் ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. பரிசோதனை நிலையத்தில் பெற்றோல் வண்டியின் ஓய்வோட்டப் புகையும் அளக்கப்படுகின்றது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1943ஆம் ஆண்டிலும் பன்மடங்கு வண்டிகள் ஓடியும் காற்றுப் பெரிதும் தெளிந்துள்ளது. ஆயினும் ஓசோன் முற்றாக நீங்கிவிடவில்லை.

பழைய எஞ்சினின் இனிய ஓய்வோட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதனை வண்டிக்காரர் செலுத்தவில்லை, தெருவிலே நடந்தவர்களின் கண்களும் நெஞ்சும் செலுத்தின. அச்செலவை உரியவர் கணக்கிலே எழுதுவதற்குக் கருவியாக வந்தனவே இவ்வால்வுகள். கணக்கு முதன்முதல் எழுதப்பட்டபோது எஞ்சின் தடுமாறியது இயல்பே. இன்றும் ஒரு வண்டி ஓய்வோட்டத்தில் குலுங்குமாயின், வால்வைக் கழற்றி எறியுமுன் அதனைத் திறந்து பார்த்துக் கரியைத் துடைத்துவிடுதல் நன்று. அது அடைபட்டிருப்பின் வண்டிக்குக் கேடு. அகற்றப்பட்டிருப்பின் ஊருக்கும் கேடு.